சைபர்வெளிக்குள் மனிதரும் அடக்கமா?

சைபர் பாதுகாப்பு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சர்வர், ரூட்டர், கேபிள், மென்பொருள், தரவு எல்லாம் சேர்ந்ததுதான் சைபர்வெளி என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. சில இடங்களில் பயனரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சாலை என்றால் சாலைதானே, அதில் போகிறவர் எப்படிச் சாலையின் ஒரு பகுதி ஆவார்? எது சரி?"

ஆமாம், மனிதரும் அடக்கம்தான் என்பது என் பதில். இருபது வருடமாக நெட்வொர்க் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். அந்த எண்ணம் ஏன் மாறியது என்று சொல்கிறேன். எதிர்த்தரப்பு வாதங்களில் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாலை உவமை. யாரும் போகாவிட்டாலும் சாலை சாலைதான். சரி, வாரச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கல் மேடையும் தகரக் கூரையும் வாரம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் வந்து சேரும் அன்றைக்குத்தான் "சந்தை கூடியிருக்கிறது" என்கிறோம். பொழுது சாய்ந்தால் கலைந்துவிடுகிறது. மறுநாள் அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த இடத்துக்குச் சந்தைப்பேட்டை என்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். இணையம் என்கிற கேபிளும் கருவியும் சந்தைப்பேட்டை. சைபர்வெளி அங்கே கூடுகிற சந்தை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சொல்லின் பிறப்பிலேயே மனிதர் இருக்கிறார். 1948இல் நார்பர்ட் வீனர் 'சைபர்னெட்டிக்ஸ்' என்ற துறைப்பெயரை உருவாக்கியபோது அதை எடுத்தது கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து. நம் பழைய தமிழில் அவருக்கு மீகாமன் என்று பெயர். 1982இல் வில்லியம் கிப்சன் ஒரு சிறுகதையில் 'சைபர்ஸ்பேஸ்' என்ற சொல்லை முதலில் எழுதினார். இரண்டு வருடம் கழித்து வந்த நாவலில் அவர் அதை விவரித்த விதமே, எண்ணற்ற மனிதர்கள் தினமும் சேர்ந்து, உடன்பட்டுக் காணும் ஒரு மாயத்தோற்றம் என்பதுதான். காண்பவர்கள் இல்லாவிட்டால் அங்கே காட்சியே இல்லை.

அப்படியானால் மனிதரை வெளியே தள்ளியது யார்? பெரும்பாலும் ராணுவங்கள். 2008 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு வரையறையை வெளியிட்டது. இணையம், தொலைத்தொடர்பு வலையமைப்புகள், கணினி அமைப்புகள், கருவிகளுக்குள் பதித்த செயலிகள், கட்டுப்படுத்திகள் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து அமைந்த உலகளாவிய களம் என்பது அதன் சாரம். அதில் மனிதர் என்ற சொல்லே கிடையாது. ராணுவத்தின் பார்வையில் இது புரிகிறது. நிலம், கடல், வானம், விண்வெளி என்ற வரிசையில் ஐந்தாவதாக ஒரு களம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கடலை வரையறுக்கும்போது யாரும் மாலுமியைச் சேர்ப்பதில்லை. ஆனால் கடல் மாலுமிக்கு முன்பே இருந்தது. சைபர்வெளியை மனிதன் தன் தேவைக்காகச் செய்தான். ஆள் இல்லாத கடல் அப்படியேதான் இருக்கும். ஆள் இல்லாத சர்வர் அறையில் மின்சாரக் கட்டணம் கட்ட யாரும் இல்லாத முதல் மாதமே விளக்கு அணைந்துவிடும்.

அதே 2008இல் அமெரிக்க ராணுவத்துக்கே நடந்ததைப் பாருங்கள். மத்திய கிழக்கில் ஒரு ராணுவத் தளத்தில் இருந்த மடிக்கணினியில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். அதிலிருந்த தீநிரல், அதாவது கேடு செய்வதற்கென்றே எழுதிய நிரல், ரகசிய வலையமைப்புக்குள்ளும் பரவியது. அந்த ரகசிய வலையமைப்பு பொது இணையத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் கேபிள் இல்லை, ஒரு மனிதக் கைதான் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பென் டிரைவ்களுக்கே தடை போட்டார்கள். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலும் இப்படித்தான். ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும் இணையத்துக்கும் இணைப்பு கிடையாது. அப்படியும் அது உள்ளே போய் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்தது. பென் டிரைவ் வழியாகப் பரவும்படிதான் அதை எழுதியிருந்தார்கள். இணைப்பு இல்லாத இடத்துக்கு இணைப்பாக நடந்து போகிறவர்கள் மனிதர்கள்தான். வலையமைப்பின் வரைபடத்தில் அவர்களை வரையாவிட்டால் அந்த வரைபடம் தப்பு.

மனிதரை வரையறைக்குள் கொண்டுவந்ததில் பால்டிக் கடலோரச் சிறிய நாடான எஸ்டோனியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2007 ஏப்ரல் கடைசியில் அதன் தலைநகரான தாலினின் மையத்தில் இருந்த சோவியத் காலத்துப் போர் நினைவுச் சிலையை அரசு இடம் மாற்றியது. வெண்கல வீரன் என்று அதற்குப் பெயர். எஸ்டோனியர்கள் பலருக்கு அது ஆக்கிரமிப்பின் சின்னம், அங்கே வாழும் ரஷ்ய மொழி பேசுபவர்கள் பலருக்குப் பாசிசத்தை வென்றதன் சின்னம். தெருவில் இரண்டு இரவு கலவரம் நடந்தது. கூடவே அரசு, நாடாளுமன்றம், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் மீது தாக்குதல் தொடங்கி மூன்று வாரம் நீடித்தது. முதல் அலையில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. 'பிங்' என்பது "இருக்கிறாயா?" என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்கும் சாதாரணக் கட்டளை. எண்ணற்ற பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வர் திணறிவிடும். அதை எந்தத் தளத்துக்கு, எப்போது, எப்படி அனுப்ப வேண்டும் என்ற குறிப்புகள் ரஷ்ய மொழி உரையாடல் தளங்களில் சுற்றின. அப்படியே எடுத்து ஒட்டி எண்டர் தட்டியவர்களில் பலர் சாதாரண மனிதர்கள். பிறகு வாடகை பாட்நெட்களும், அதாவது தீநிரலால் கைப்பற்றிய கணினிகளின் கூட்டங்களும், சேர்ந்துகொண்டன. மே 9 நெருங்கியபோது தாக்குதல் மறுபடி உச்சத்துக்கு ஏறியது. மே 9 ரஷ்யாவில் வெற்றி தினம். இரண்டாம் உலகப் போரின் நினைவு நாள் ஒன்று சர்வர்களின் சுமையாகப் பதிவானது.

முந்தின வாரம் இருந்த அதே கேபிள், அதே சர்வர், அதே மென்பொருள்தான். மாறியது மனிதர்களின் கோபம் ஒன்றுதான். சைபர்வெளி என்பது கருவிகளின் தொகுப்பு மட்டும் என்றால் ஏப்ரல் 20க்கும் ஏப்ரல் 28க்கும் நடுவில் எஸ்டோனியாவில் எதுவுமே மாறவில்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்த நாட்களில் வங்கித் தளம் திறக்காமல் தவித்தவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

மறு வருடம் நேட்டோவின் சைபர் பாதுகாப்பு ஆய்வு மையம் தாலினில் தொடங்கியது. அங்கே ஆய்வாளர்களாக இருந்த ரைன் ஆட்டிஸ், பீட்டர் லோரென்ட்ஸ் இருவரும் 2010இல் ஒரு வரையறை தந்தார்கள். காலத்தைச் சார்ந்து மாறுகிற, ஒன்றோடொன்று இணைந்த தகவல் அமைப்புகளும் அவற்றோடு ஊடாடும் மனிதப் பயனர்களும் சேர்ந்த தொகுதி. இவ்வளவுதான், ஒரே வாக்கியம். நான் பார்த்த வரையறைகளில் எனக்குப் பிடித்தது இது. பயனரைச் சேர்த்ததற்காக மட்டும் பிடிக்கவில்லை, "காலத்தைச் சார்ந்து" என்ற சொற்களுக்காகவும் பிடிக்கும். ஒரு பூட்டைப் பரிசோதித்து இது நல்ல பூட்டு என்று ஒரு முறை சான்றிதழ் கொடுத்துவிடலாம். சைபர்வெளிக்கு அப்படிக் கொடுக்க முடியாது. நேற்று யார் சேர்ந்தார்கள், யார் வேலையை விட்டுப் போனார்கள், யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இன்றைக்கு அது வேறு வெளி.

அதன் பிறகு வந்தவற்றில், 2011இல் இஸ்ரேல் அரசு எடுத்த 3611 எண் தீர்மானம் கணினி, வலையமைப்பு, தகவல் என்று பட்டியலிட்டுவிட்டு, அவற்றைப் பயன்படுத்துபவர்களையும் சேர்த்தது. நம் நாட்டின் 2013 தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை இன்னும் ஒரு படி போகிறது. மக்கள், மென்பொருள், சேவைகள் இவற்றுக்கு இடையிலான ஊடாட்டங்களால் ஆன சிக்கலான சூழல் என்று சொல்லிவிட்டு, உலகெங்கும் பரவிய கருவிகளும் வலையமைப்புகளும் அந்தச் சூழலைத் தாங்குவதாகச் சொல்கிறது. சொற்களின் வரிசையைக் கவனியுங்கள். மக்கள் முதலில் வருகிறார்கள். கருவிகள் தாங்கும் தூண்களாக வருகின்றன. அந்தக் கொள்கை நடைமுறையில் எவ்வளவு தூரம் போனது என்பது வேறு விவாதம். ஆனால் உங்கள் பாடத்திட்டம் இந்தியாவில் எழுதியது என்றால் இந்த வரியாவது அதில் இருந்திருக்க வேண்டும்.

என் எண்ணத்தை மாற்றிய சம்பவம் திருப்பூரில் நடந்தது. ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு "எங்கள் சிஸ்டத்தை ஹேக் செய்துவிட்டார்கள், பாருங்கள்" என்றார்கள். வெளிநாட்டில் இயந்திர உதிரிபாகம் வாங்கும் இடத்துக்கு அனுப்பிய 12 லட்சம் ரூபாய் வேறு யாருக்கோ போயிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாகப் பார்த்தேன். வைரஸ் இல்லை. ஃபயர்வால் ஒழுங்காக இருந்தது. கடவுச்சொல் எதுவும் திருடு போகவில்லை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. பில் எண் சரி, தொகை சரி, கடைசியில் "வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்பதும் சரி. அந்தப் பக்கத்தில் யாருடைய அஞ்சலையோ எவனோ பல நாளாகப் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் அம்மா பதினோரு வருடமாக அந்த நிறுவனத்தோடு பழகியவர். நம்பி அனுப்பிவிட்டார். உண்மையான நிறுவனம் பணம் வரவில்லையே என்று கேட்டபோது மூன்று வாரம் ஓடியிருந்தது.

எங்கே உடைந்தது? எந்த இயந்திரத்தைக் கையால் சுட்டிக்காட்டி இதுதான் என்று சொல்வேன்? பதினோரு வருடப் பழக்கம்தான் அங்கே உடைந்த பாகம். அந்தப் பழக்கமும் அந்த வலையமைப்பின் ஒரு பாகமாக இயங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் பட்டியலில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். நான் கொண்டு போன சோதனைப் பட்டியலில் 40 வரி இருந்தது. மனிதரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதை எழுதியது நான்.

இதுவரை சொன்னதெல்லாம் மனிதரைப் பலவீனமாகக் காட்டுகிறது. "பயனர்தான் சங்கிலியின் பலவீனமான கண்ணி" என்று எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பயனர் உடைக்கிறவர் மட்டும் என்றால் அவரைச் சேர்ப்பதற்குப் பதில் ஒதுக்குவதுதான் நியாயமாக இருக்கும். ஆனால் சைபர்வெளிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்ததே பயனர்கள்தான்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969இல் தொடங்கியபோது நோக்கம், தூரத்தில் இருக்கும் விலை உயர்ந்த கணினிகளைப் பங்கிட்டுக்கொள்வது. மனிதருக்கு மனிதர் கடிதம் எழுதுவது திட்டத்தின் நோக்கமாக இல்லை. 1971இல் ரே டாம்லின்சன் யாரும் கேட்காமலே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பும் நிரலை எழுதினார், முகவரிக்கு நடுவில் @ குறியைப் போட்டார். இரண்டே வருடத்தில் அந்த வலையமைப்பில் ஓடியதில் முக்கால் பங்கு மின்னஞ்சல் என்று ஆனது. கணினிகளை இணைக்கக் கட்டியதை மனிதர்கள் தங்களை இணைத்துக்கொள்ள எடுத்துக்கொண்டார்கள். பிரான்சில் தொலைபேசி எண் தேடுவதற்காகக் கொண்டுவந்த மினிடெல் கருவியும் கடைசியில் மக்கள் அரட்டை அடிக்கும் இடமாகிப் போனது.

தமிழிலேயே இதற்கு அருமையான சாட்சி உண்டு. 1990களின் பிற்பாதியில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனித்தனி எழுத்துருவில் இருந்தது. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். அப்போது சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா, இலங்கை, தமிழ்நாடு என்று பரவியிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் வாதாடி 'டிஸ்கி' என்ற குறியேற்றத்தை, அதாவது எந்தத் தமிழ் எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற பொது ஏற்பாட்டை, உருவாக்கினார்கள். எந்த அரசும் கேட்கவில்லை, எந்த நிறுவனமும் சம்பளம் தரவில்லை. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோடு குறியேற்றம் வந்தது, டிஸ்கி ஓய்வு பெற்றது. ஆனால் தமிழுக்கு இணையத்தில் இடம் உண்டு என்பதை நிறுவியவர்கள் அந்தப் பயனர்கள். கேபிள் அவர்களுக்கு முன்பே இருந்தது. தமிழ் சைபர்வெளி அவர்களுக்குப் பிறகுதான் வந்தது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய், செல்போன் கோபுரங்கள் படுத்து, நகரத்தின் கருவி அடுக்கு பாதி செத்துக் கிடந்தது. அந்த வாரத்தில்தான் எங்கெங்கோ இருந்தவர்கள் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்தார்கள், யார் வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்று பொது விரிதாளில் எழுதினார்கள். கருவிகள் குறைந்த வாரத்தில் சைபர்வெளி பெரிதானது. கருவிகளை மட்டும் எண்ணுகிற வரையறையால் இதை விளக்க முடியாது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். "இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி இப்போது இயந்திரங்கள் தமக்குள் பேசுவதுதானே, மனிதர் எங்கே?" என்று கேட்பார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் வீட்டுக் கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் பிடித்துப் படையாகத் திரட்டியது. அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைக் கணினிகளுக்குச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி அமெரிக்காவில் பல பெரிய தளங்களை முடக்கியது. பார்த்தால் கேமராக்கள் நடத்திய சண்டை. ஆனால் உள்ளே நுழைந்தது, தொழிற்சாலையில் போட்டுவிட்ட 60க்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வைத்துத்தான். அவற்றைப் போட்டவர் மனிதர், மாற்றாமல் விட்டவர் மனிதர். அதை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர்களை வைத்து நடந்த வியாபாரப் போட்டியில் ஊறிய மூன்று இளைஞர்கள். இந்த வாதம் என்னைப் பெரிதாக அசைக்கவில்லை.

"பயனர் என்றால் யார்?" என்ற கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மனிதரை விட்டுவிட்ட அமெரிக்க ராணுவமே பின்னால் வந்த கோட்பாட்டு நூல்களில் பௌதிக அடுக்கு (கருவிகள்), தர்க்க அடுக்கு (மென்பொருளும் தரவும்) என்பவற்றுக்கு மேல் 'சைபர் ஆளுமை' (பயனரின் கணக்குகளும் அடையாளங்களும்) என்று மூன்றாவதாக ஓர் அடுக்கைச் சேர்த்தது. ஒருவருக்குப் பல கணக்குகள் இருக்கலாம், ஒரு கணக்கைப் பலர் வைத்திருக்கலாம் என்பதைச் சமாளிக்க. நம் வீடுகளில் இது இன்னும் சிக்கல். கேஸ் சிலிண்டர் வாசலுக்கு வருகிறது. கொண்டு வந்தவர் போனுக்கு வந்த உறுதிப்படுத்தும் எண்ணைக் கேட்கிறார். எண் போயிருப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கு. அம்மா அவனைக் கூப்பிட்டு, அவன் மீட்டிங்கில் இருந்தபடி நான்கு இலக்கத்தை மெதுவாகச் சொல்ல, அம்மா வாசலுக்கு வந்து ஒப்பிக்கிறார். இங்கே பயனர் யார்? அம்மாவா, மகனா? இரண்டு பேரும், அவர்களுக்கு நடுவில் இருக்கும் அந்த போன் அழைப்பும் சேர்ந்துதான் என்று சொல்வேன். அந்த நான்கு இலக்கத்தை மோசடிக்காரன் கேட்டாலும் அம்மா இதே பழக்கத்தில் சொல்லிவிடுவார் என்பதால், இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை.

கடைசியாக, நான் மதிக்கும் அந்த எதிர்வாதம். மனிதரை வரையறைக்குள் விட்டால், சைபர்வெளியை ஆளுகிறேன் என்று சொல்லும் அரசு மனிதரின் மனதையும் ஆள வந்துவிடாதா? இது கற்பனைப் பயம் இல்லை. 2009இல் ரஷ்யாவும் சீனாவும் இருக்கும் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 'தகவல் வெளி' என்பது தனிமனித, சமூக உணர்வுநிலையின் மீது தாக்கம் செலுத்துவது என்று எழுதியிருக்கிறார்கள். பிற நாடுகளின் ஆன்மிக, ஒழுக்க, பண்பாட்டுச் சூழலுக்குக் கேடான தகவலைப் பரப்புவது அதில் ஓர் அச்சுறுத்தலாக வருகிறது. வைரஸும் கருத்தும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. நம் ஊரிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே மூன்று வருடம் வரை சிறை என்று வைத்திருந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யும் வரைக்கும் எத்தனையோ பேர் ஒரு பதிவுக்காகக் காவல் நிலையம் ஏறினார்கள்.

அதனால்தான் எந்த வகையில் மனிதரைச் சேர்க்கிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும் என்கிறேன். தாலின் வரையறையும் நம் 2013 கொள்கையும் ஊடாட்டத்தைப் பேசுகின்றன. மனிதர் என்ன செய்கிறார் என்பதுதான் அங்கே வரும். ஷாங்காய் ஒப்பந்தம் உணர்வுநிலையைப் பேசுகிறது. மனிதர் என்ன நினைக்கிறார் என்பதும் உள்ளே வந்துவிடுகிறது. முதலாவதில் பயனர் சந்தைக்கு வந்த ஆள். இரண்டாவதில் அவரே காவல் போட வேண்டிய சரக்கு. தேர்வில் எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள்.

திருப்பூர் அலுவலகத்தில் பணம் திரும்பவில்லை. முதலாளி புதிதாக ஏதாவது கருவி வாங்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கணக்கு எண் மாறியதாக யார் எழுதினாலும் பழைய போன் எண்ணில் கூப்பிட்டு, பழகிய ஆளின் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கணக்கம்மாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். என் சோதனைப் பட்டியலில் அது 41ஆவது வரியாகச் சேர்ந்தது. இப்போது அதை முதல் வரியாக மாற்றி வைத்திருக்கிறேன்.